இரண்டு மில்லிசெக்கன் கணக்கும் பத்து நிமிட அமுக்கமும்: நனோ அச்சில் பொலிமர் ஓடும் விதம்

கிளிநொச்சியில் இருந்து இறுதியாண்டு பொறியியல் மாணவி ஒருவர் கேட்டது, சுருக்கமாக:

"அண்ணா, சூடாக்கி அமுக்கும் நனோ அச்சு முறைக்கு (பொலிமர்ப் படலத்தைச் சூட்டில் இளகவைத்து, அச்சை அமுக்கி உருவம் பதிப்பது) ஒரு மொடல் செய்கிறேன். சிலிக்கன் அச்சில் 100 நனோமீற்றர் அகலக் கோடுகள், இடையில் 100 நனோமீற்றர் குழிகள், ஆழம் 200. பி.எம்.எம்.ஏ (அக்ரிலிக் பொலிமர்) படலம் 150 நனோமீற்றர், பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) 10⁴ பாஸ்கல் செக்கன், அமுக்கம் 5 மெகாபாஸ்கல். அச்சின் ஓரங்களில் 100 மைக்கிரோமீற்றர் அகலத் தட்டைப் பட்டைகளும் உண்டு, மொத்தப் பரப்பில் பத்தில் ஒன்று வரும். ஸ்டெபான் சமன்பாட்டில் போட்டால் 2 மில்லிசெக்கனில் குழி நிரம்புகிறது. கட்டுரைகளில் 5, 10 நிமிடம் அமுக்கிப் பிடிக்கிறார்கள். எங்கே பிழை? ஓப்பன்போம் என்ற பாய்ச்சல் கணிப்பு மென்பொருளில் போட்டால் லப்டொப் இரவு முழுக்க ஓடியும் அச்சு அசைந்ததாகவே தெரியவில்லை. அச்சடிக்கும் இயந்திரம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்துகொண்டு மொடல் சரியென்று எப்படிக் காட்டுவது?"

தங்கச்சி, கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. கணக்குப் போட்ட இடம்தான் பிழை. உங்கள் அச்சில் ஆகச் சிறிய உருவத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நேரத்தைத் தீர்மானிப்பது ஆகப் பெரியது.

நீண்ட மேடு ஒன்றின் கீழ் நசிந்து இரு பக்கமும் வெளியேறும் பொலிமருக்கு:

நேரம் = [பாகுநிலை × மேட்டின் அகலம்² ÷ (2 × அமுக்கம்)] × [1 ÷ இறுதித் தடிப்பு² − 1 ÷ தொடக்கத் தடிப்பு²]

யோசெப் ஸ்டெபான் 1874 இல் வட்டத் தட்டுகளுக்கு எழுதியதன் பட்டை வடிவம் இது. இறுதித் தடிப்பைக் கனவளவே சொல்லிவிடும். குழிகள் பாதிப் பரப்பு, ஆழம் 200; எனவே சராசரியாக 100 நனோமீற்றர் பொலிமர் குழிக்குள் ஏறும், 150 இல் மிஞ்சுவது 50. அதுதான் எச்சப்படை. தொடக்கத்தில் மேடுகள் மட்டும் தொடுவதால் முழுச் சுமையும் பாதிப் பரப்பில் விழுகிறது. மேட்டின் கீழ் 10 மெகாபாஸ்கல். இவற்றைப் போட்டால் 1.8 மில்லிசெக்கன். உங்கள் விடையும் அதுதான்.

இப்போது அகலத்தை மட்டும் 100 மைக்கிரோமீற்றர் ஆக்குங்கள். அகலம் ஆயிரம் மடங்கு, நேரம் பத்து இலட்சம் மடங்கு: 1780 செக்கன், அதாவது அரை மணித்தியாலம். ஒரே படலம், ஒரே சூடு, ஒரே அச்சு.

வயல் சேற்றில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. விரல் இடுக்கால் சேறு உடனே பீறிடும். உள்ளங்காலின் கீழ் இருப்பது போக வழியில்லாமல் கிடந்து காலைத் தாங்கும். உங்கள் அச்சின் உள்ளங்கால் அந்த ஓரப் பட்டைதான். சிலிக்கன் அச்சு வளையாது என்று வைத்தால் கோடுகளும் பட்டையும் ஒன்றாகத்தான் இறங்க முடியும். ஆகவே 2 மில்லிசெக்கன் என்ற நிகழ்வு உங்கள் அச்சில் நடக்கவே நடக்காது. கோடுகள் இறங்கத் தயார், பட்டை விடாது. சுமை கிட்டத்தட்ட முழுவதும் பட்டைக்கு மாறும். பட்டைகள் பத்தில் ஒரு பங்கு பரப்பு என்பதால் அவற்றின் கீழ் அமுக்கம் 50 மெகாபாஸ்கல் வரை ஏறும். நேரம் 356 செக்கன். ஆறு நிமிடம். கட்டுரைகளில் நீங்கள் கண்ட 5, 10 நிமிடத்தின் பெரும்பகுதி இங்கே கிடக்கிறது. மிச்சம் சூடேற்றவும், அச்சின் வளைவு தணியவும், கொஞ்சம் பயத்துக்காகவும் வைத்துக்கொள்வது.

இதனால் மொடலை எழுதுவதற்கு முன்பே ஒரு வடிவமைப்பு மாற்றம் கையில் வருகிறது. 100 மைக்கிரோமீற்றர் பட்டையைத் தட்டையாக விடாமல், 10 மைக்கிரோமீற்றர் மேடு, 10 மைக்கிரோமீற்றர் குழி என்று சீவிவிடுங்கள். அகலம் பத்தில் ஒன்று, நேரம் நூறில் ஒன்று. நிமிடக் கணக்கு செக்கன் கணக்காகும். குழியின் பங்கு அங்கேயும் பாதி என்பதால் எச்சப்படை அங்கேயும் 50 தான் கேட்கும், பொலிமர் தூரம் போகத் தேவையில்லை. மேடு எத்தனை சதவீதம், குழி எத்தனை சதவீதம் என்ற விகிதத்தை அச்சு முழுவதும் ஒரே அளவில் வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் ஆகப் பெரிய வித்தை. இந்த அச்சு முறையைத் தொடங்கிவைத்த ஸ்டீபன் சூ 1995 இல் 25 நனோமீற்றர் அகலம், 100 நனோமீற்றர் ஆழம் வரை அச்சிட்டுக் காட்டியபோதே சிறிய உருவம் பதியும் என்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த தலையிடி பெரும்பாலும் பெரியதும் சிறியதும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வந்தது.

அந்த 1.8 மில்லிசெக்கனை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. வாய்மொழிப் பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள். ஸ்டெபான் கணக்கு, தடிப்பு அகலத்தை விட மிகச் சிறிது என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் கோட்டில் தொடக்கத் தடிப்பு 150, அகலம் 100. அந்த எடுகோள் முதல் கணத்திலேயே இல்லை. 100 மைக்கிரோமீற்றர் பட்டைக்கு அது மிக அழகாகப் பொருந்தும். கோட்டுக்கு வருவது பருமட்டு மட்டுமே.

அடுத்தது இதைவிடக் கனமானது. அந்தக் கணக்கின்படி மேட்டின் ஓரத்தில், சுவரை ஒட்டிய இடத்தில், பொலிமர் அடுக்குகள் ஒன்றையொன்று உரசும் வெட்டு வீதம் தொடக்கத்தில் செக்கனுக்கு 4500 வருகிறது. பாகுநிலையால் பெருக்குங்கள்: 45 மெகாபாஸ்கல் வெட்டுத் தகைப்பு. உருகிய பி.எம்.எம்.ஏ யின் சங்கிலிச் சிக்கல் தாங்கும் மீள்தன்மைக் குணகம் சுமார் 0.3 மெகாபாஸ்கல்தான். நூறு மடங்குக்கு மேல் கூடிய தகைப்பில் அது தேன் போல ஒழுங்காக ஓடாது; இளகி வழியும், இறப்பரைப் போல இழுபடவும் செய்யும். 10⁴ ஐ 0.3 மெகாபாஸ்கலால் வகுத்தால் தளர்வு நேரம் (இழுபட்ட சங்கிலிகள் தளர்ந்து அடங்க எடுக்கும் நேரம்) 0.03 செக்கன். நிரம்பும் நேரம் அதில் பதினைந்தில் ஒரு பங்கு. அதாவது குழிக்குள் ஏறும் பொலிமர் "ஓடி" ஏறவில்லை, "இழுபட்டு" ஏறுகிறது. அமுக்கத்தை உடனே எடுத்தால் இறப்பர் போலத் திரும்பி இறங்கும். நனோ கோட்டுக்குக்கூட நிரம்பும் நேரம் முடிந்த பிறகு தளர்வு நேரத்தின் பல மடங்கு பிடித்திருக்க வேண்டும், சூடு ஆறும்வரை அமுக்கத்தை விடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். பி.எம்.எம்.ஏ கண்ணாடியாகும் வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே இறுகிவிடும் வெப்பநிலை, 105 பாகை செல்சியஸ். 70, 80 பாகைக்கு இறங்கிய பிறகே அமுக்கத்தை எடுப்பார்கள்.

பட்டையின் கீழ் நிலைமை வேறு. அங்கே நேரம் நிமிடக் கணக்கு, தளர்வு நேரம் 0.03 செக்கன், மீள்தன்மையை மறந்துவிடலாம். ஆனால் தகைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வெட்டுத் தகைப்பு அண்ணளவாக 3 × சராசரி அமுக்கம் × தடிப்பு ÷ அகலம். 50 மெகாபாஸ்கல், 150 நனோமீற்றர், 100 மைக்கிரோமீற்றர் போட்டால் 0.2 மெகாபாஸ்கல். 0.3 க்குக் கீழேதான், ஆனால் கிட்ட. ஓரத்தில் கொஞ்சம் இளகும், நேரம் சற்றுக் குறையும். முதல் மொடலில் நிலையான பாகுநிலை போதும்.

அந்தப் பாகுநிலைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் விடையில் ஆகப் பெரிய பிழை நுழையும் வாசல் அது. வில்லியம்ஸ், லண்டெல், பெரி மூவரும் 1955 இல் தந்த வெப்பநிலைச் சூத்திரத்தில் 17.44, 51.6 என்ற பொது மாறிலிகளைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியாகும் வெப்பநிலைக்கு மேல் 60 பாகையில் இருந்து 65 க்குப் போனால் பாகுநிலை 2.2 மடங்கு குறையும். ஐந்து பாகைதான்! சூட்டுத் தட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஐந்து பாகை வித்தியாசம் சாதாரணமாக வரும். 50 இல் இருந்து 70 க்குப் போனால் 29 மடங்கு. பனம்பாணி அடுப்பில் இருக்கும்போது ஓடுவதும் இறக்கிவைத்த கொஞ்ச நேரத்தில் அகப்பையோடு எழும்பி வருவதும் நினைவிருக்கும். இங்கே அதைவிடச் செங்குத்து. எனவே "பாகுநிலை 10⁴" என்று ஒரு எண்ணை மட்டும் எழுதாமல், எந்த வெப்பநிலையில், எந்த மூலக்கூற்று நிறைக்கு என்று எழுதுங்கள். சங்கிலிகள் சிக்கிக்கொள்ளும் எல்லைக்கு மேல் (பி.எம்.எம்.ஏ க்கு 30,000 அளவில்) பாகுநிலை மூலக்கூற்று நிறையின் 3.4 ஆம் அடுக்கில் ஏறும். நிறை இரட்டித்தால் பத்து மடங்குக்குக் கொஞ்சம் மேல். கடையில் விற்கும் வார்ப்பு அக்ரிலிக் தட்டைக் கரைத்துப் பூசலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதன் மூலக்கூற்று நிறை பத்து இலட்சம் அளவில் இருக்கும். ஒரு இலட்ச நிறைப் பொலிமரோடு ஒப்பிட்டால் 2500 மடங்கு பாகுநிலை. ஆறு நிமிடம் பத்து நாளாகும்.

வெப்பச் சமன்பாட்டை மொடலுக்குள் போடுவதா என்றால், வேண்டாம். 150 நனோமீற்றர் படலத்தின் குறுக்கே வெப்பம் பரவ மைக்கிரோசெக்கனின் ஒரு பங்கு போதும். படலம் எப்போதும் தட்டின் வெப்பநிலையில்தான் இருக்கும்.

இனி லப்டொப். அச்சு அசையாததற்குக் காரணம் நேரப்படி, அதாவது கணினி ஒரு தடவையில் முன்னேறும் நேரத் துண்டு. மேற்பரப்பிழுவையை வெளிப்படையாக (முந்தைய படியின் பெறுமானத்தை வைத்து) கையாளும் தீர்வு நிரல்களில், கலத்தின் (இடத்தைப் பிரித்த சிறு கட்டத்தின்) அளவு சிறுக்கச் சிறுக்க அனுமதிக்கப்படும் நேரப்படி அந்த அளவின் ஒன்றரை அடுக்கில் சுருங்கும். 2 நனோமீற்றர் கலம், மேற்பரப்பிழுவை மீற்றருக்கு 0.03 நியூட்டன், சாதாரண அடர்த்தி என்று போட்டால் அது 5 பிக்கோசெக்கன். 1.8 மில்லிசெக்கனை எட்ட 36 கோடி படிகள். இரவு முழுக்க ஓடி அசையாததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு வழி, பொய் அடர்த்தி. உங்கள் பாய்ச்சலின் ரேனோல்ட்ஸ் எண் (சடத்துவத்துக்கும் பாகுநிலைத் தடைக்கும் உள்ள விகிதம்) 10⁻¹² அளவில் இருக்கிறது. சடத்துவம் என்ற ஒன்று இங்கே இல்லவே இல்லை. ஆகவே அடர்த்தியைப் 10¹⁰ மடங்கு உயர்த்தினாலும் ரேனோல்ட்ஸ் எண் நூறில் ஒன்று அளவில்தான் நிற்கும், பாய்ச்சல் மாறாது. நேரப்படியோ ஒரு இலட்சம் மடங்கு நீளும்: 0.5 மைக்கிரோசெக்கன், மொத்தம் நாலாயிரத்துக்கும் குறைவான படிகள். புவியீர்ப்பைப் பூச்சியமாக்க மறக்காதீர்கள். மறந்தால் அந்தப் பொய் அடர்த்தி பொலிமரை அடியில் இழுத்துப் பிடித்துவிடும். பிறகு அடர்த்தியைப் பத்து மடங்கு குறைத்து இன்னொரு முறை ஓட்டி, இரண்டு விடையும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். ஆய்வறிக்கையில் அந்த இரண்டு கோடுகளையும் ஒரே வரைபில் போட்டால் யாரும் இதைப்பற்றிக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதே மொடலில் இன்னும் சில இடறல்கள். காற்றின் உண்மையான பாகுநிலையைப் போட்டால் பொலிமருக்கும் அதற்கும் 50 கோடி மடங்கு வித்தியாசம், அமுக்கச் சமன்பாடு ஒருங்காது. காற்றின் பாகுநிலையைப் பொலிமரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு உயர்த்திவிடுங்கள். விடையில் அது தெரியாது. குழியின் மேற்பக்கத்தை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று நசியாத பாய்பொருளாக நடந்து பொலிமரை ஏறவே விடாது. அங்கே ஒரு திறந்த எல்லை வையுங்கள். இயந்திரத்தில் அச்சு தொடுவதற்கு முன் வெற்றிடமாக்குவார்கள், ஆகவே அது உண்மைக்கும் கிட்ட. வெற்றிடம் இல்லாமல் அமுக்கினால்கூட 5 மெகாபாஸ்கலில் காற்று ஐம்பதில் ஒரு பங்காக நசிந்து குழியின் 2 சதவீதத்தில் ஒதுங்கும், பெரும்பாலும் பொலிமரில் கரையும். கண்ணி (கலங்களின் வலை) முழு அச்சுக்கும் வேண்டாம்: அரை மேடு, அரை குழி, இரு பக்கமும் சமச்சீர் எல்லை. அகலம் 100, உயரம் 350 நனோமீற்றர். 2 நனோமீற்றர் கலத்தில் ஒன்பதாயிரத்துக்கும் குறைவான கலங்கள். எச்சப்படையின் குறுக்கே பத்துக் கலத்துக்குக் குறைந்தால் பாய்ச்சல் தடை பிழையாக வரும்.

அந்தச் சிறு மொடல் நேரத்தைச் சொல்வதற்கு அல்ல, உருவத்தைச் சொல்வதற்கு. குழியின் அகலம் படலத் தடிப்போடு ஒப்பிடச் சிறிது என்றால் பொலிமர் நடுவில் ஒற்றைத் திமிலாக ஏறும். அகலம் தடிப்பைவிடப் பல மடங்கு என்றால் இரண்டு சுவரோரமும் இரண்டு திமில், நடுவில் பள்ளம். உங்கள் கோட்டுக்கு ஒற்றைத் திமில் வர வேண்டும். இரட்டை வந்தால் எல்லை நிபந்தனையில் எங்கோ பிழை. மேற்பரப்பிழுவை எவ்வளவு முக்கியம் என்றும் இதிலே தெரியும். 100 நனோமீற்றர் குழியில் அது தரக்கூடிய அமுக்கம் ஆகக் கூடியது 0.6 மெகாபாஸ்கல், நீங்கள் கொடுப்பதில் எட்டில் ஒன்று. 20 நனோமீற்றர் குழி என்றால் 3 மெகாபாஸ்கல். அலட்சியம் செய்ய முடியாது. அதுவும் அச்சில் ஒட்டாமல் இருக்கப் புளோரின் கொண்ட சைலேன் பூசியிருந்தால் தொடுகைக் கோணம் (பொலிமரின் மேற்பரப்பு சுவரைத் தொடும் கோணம்) கூடும்; அது 90 ஐத் தாண்டினால், உள்ளே இழுக்க வேண்டிய விசை வெளியே தள்ளும். கோணத்தின் குறியைப் பிழையாகப் போடுவது அடிக்கடி நடப்பது.

நேரத்துக்கும் எச்சப்படைக்கும் வேண்டியது வேறொரு மொடல், அதைப் பைதனில் நூறு வரிக்குள் எழுதலாம். அச்சின் குறுக்குவெட்டை 1 மைக்கிரோமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பாய்ச்சல் = −(தடிப்பு³ ÷ (12 × பாகுநிலை)) × அமுக்கப் படித்திறன். இறங்கும் வேகம் எல்லாத் துண்டுக்கும் ஒன்று. வேகத்தை 1 என்று வைத்து அமுக்கத்தைத் தீருங்கள், அது மூன்று மூலைவிட்டத் தாயம் (மற்றிக்ஸ்), கணத்தில் தீரும். அமுக்கத்தைக் கூட்டினால் ஒரு விசை வரும். உண்மையான சுமையை அதனால் வகுத்தால் உண்மையான வேகம். தடிப்பை ஒரு படி குறையுங்கள், திரும்பச் செய்யுங்கள். ஒரு படியில் தடிப்பு 2 சதவீதத்துக்கு மேல் குறையாதபடி நேரப்படியை மாற்றிக்கொண்டே போனால் போதும். குழி நிரம்பாத இடத்தில் அமுக்கம் பூச்சியம்; நிரம்பிய கணத்தில் அந்தத் துண்டு மேடுகளோடு சேர்ந்துவிடும். இந்த "நிரம்பிய கணம்" என்ற மாற்றத்தைக் கவனமாக எழுதுங்கள். அதிகமான நிரல்கள் தடக்குப்படுவது அங்கேதான்: நிரம்பிய துண்டுகளில் கனவளவு கொஞ்சம் கூடி, அடுத்த படியில் அமுக்கம் எகிறும். மிஞ்சிய கனவளவைப் பக்கத்துத் துண்டுக்குக் கொடுத்துவிட்டால் அடங்கும்.

முதலில் ஒரேயொரு 100 மைக்கிரோமீற்றர் பட்டை, 10 மெகாபாஸ்கல் போட்டு ஓட்டுங்கள். 1780 செக்கன் வராவிட்டால் மேலே போகவேண்டாம்.

கோட்டுப் பகுதியை 1 மைக்கிரோமீற்றர் துண்டில் எப்படிக் காட்டுவது? ஒரு துண்டுக்குள் ஐந்து கோடு அடங்கும். நிரம்பிய பிறகு அங்கே பொலிமர் கோட்டுக்குக் குறுக்கே போவதும் நெடுக்கே போவதும் ஒன்றல்ல. குறுக்கே போகும்போது ஒவ்வொரு மேட்டின் கீழுள்ள 50 நனோமீற்றர் இடுக்கு வழிமறிக்கும். நெடுக்கே போகும்போது 250 நனோமீற்றர் ஆழ வாய்க்கால் திறந்திருக்கும். தடிப்பின் மூன்றாம் அடுக்கைச் சும்மா சராசரி எடுத்தால் நெடுக்கு வழி 30 மடங்கு இலகு என்று வரும். அது மிகை. வாய்க்காலின் அகலம் 100 தான், பக்கச் சுவர்கள் பிடித்து இழுக்கும். சுவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் வித்தியாசம் நாலு மடங்கு அளவில்தான். நாலு மடங்கும் சிறிதல்ல. பட்டையில் இருந்து வெளியேறும் பொலிமர் கோடுகளுக்குள் நெடுக்காக நுழையும்படி கோடுகளைப் பட்டைக்குச் செங்குத்தாக வைத்தால் பட்டையோரம் எச்சப்படை குவிவது குறையும். குறுக்குவெட்டுக் கணக்கில் இதைத் திசைக்கு ஒரு கடத்துதிறன் என்று இரண்டு எண்ணாகக் கொடுத்தால் முடிந்தது.

அச்சின் வளைவை இரண்டாம் கட்டத்தில் சேருங்கள். சிலிக்கன் தட்டு அரை மில்லிமீற்றர் தடிப்பு; நூறு மைக்கிரோமீற்றர் தூரத்துக்குள் அது வளைய மாட்டாது, மில்லிமீற்றர்க் கணக்கான தூரத்தில் வளையும். ஆகவே பட்டை 5 மில்லிமீற்றருக்கு ஒன்று என்று இருந்தால், நடுவில் உள்ள கோட்டுப் பகுதி கீழே தொய்ந்து முதலில் நிரம்பும், பட்டையோரம் தூக்கி நிற்கும். அப்போது எச்சப்படை இடத்துக்கு இடம் மாறும். பிறகு ஒட்சிசன் பிளாஸ்மாவால் எச்சப்படையைச் சுரண்டும்போது தடித்த இடம் திறக்கும் முன் மெல்லிய இடத்தின் கோடுகள் தேய்ந்துபோகும். எச்சப்படை சீராக வேண்டும் என்று எல்லோரும் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

சுவரில் வழுக்கல் பற்றி ஒரு சொல். ஒட்டாப் பூச்சுள்ள அச்சில் நீண்ட சங்கிலிப் பொலிமர் வழுக்கும். அதன் உச்ச விளைவு என்ன தெரியுமா? ஒரு சுவர் முற்றாக வழுக்கினால் பாய்ச்சல் நாலு மடங்கு, அதற்கு மேல் இல்லை. ஐந்து பாகை வெப்பநிலைப் பிழை இரண்டு மடங்கு தரும்போது, வழுக்கலை அளக்க முயல்வதற்கு முன் வெப்பமானியைச் சரிபார்ப்பது மேல். எச்சப்படை 20, 30 நனோமீற்றருக்குக் கீழே போகும் மொடல்களை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு இலட்ச நிறையுள்ள பி.எம்.எம்.ஏ சங்கிலியின் சுருள் ஆரை 8 நனோமீற்றர் அளவு. இரண்டு மூன்று சுருள் மட்டும் அடங்கும் இடுக்கில் பாகுநிலை என்ற சொல்லுக்கே பொருள் தளர்ந்துவிடும். சிலிக்கன் ஒட்சைட்டின்மேல் மெல்லிய பி.எம்.எம்.ஏ படலம் கண்ணாடியாகும் வெப்பநிலை உயரும், பொலிஸ்ரைரீனுக்கு இறங்கும். உங்கள் 50 இல் இந்தக் கவலை இல்லை.

புற ஊதா ஒளியால் இறுக்கும் முறையையும் சேர்க்கலாமா என்று யோசித்தால், விட்டுவிடுங்கள். அங்கே திரவம் தண்ணீரைவிடச் சில மடங்கு மட்டுமே பாகு, மேற்பரப்பிழுவையே இழுத்து நிரப்பும், சிக்கல் அகப்பட்ட வாயு. அது வேறு ஆய்வு.

இயந்திரம் இல்லாமல் சரிபார்ப்பது. சடத்துவம் இல்லாத பாய்ச்சலுக்கு அளவு தெரியாது. நனோவில் நடப்பது மில்லிமீற்றரிலும் அதே விகிதத்தில் நடக்கும். அதனால் வன்னிக் காட்டுத் தேன் போதும். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடி அல்லது உலோக வட்டு, தட்டையான தாம்பாளத்தில் வட்டின் மேற்பரப்பை மூடும் அளவு தேன், மேலே 1 கிலோ படிக்கல். வட்டுக்கான சமன்பாடு: நேரம் = [3π × பாகுநிலை × ஆரை⁴ ÷ (4 × விசை)] × [1 ÷ இறுதி² − 1 ÷ தொடக்கம்²]. பாகுநிலை 10 பாஸ்கல் செக்கன் என்றால் 1 மில்லிமீற்றரில் இருந்து 0.2 க்கு இறங்க 22 செக்கன். வேலைத்தலத்தில் இருக்கும் டயல் கேஜை (சிறு நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வட்டின் நடுவில் நிறுத்தி, அதன் முகத்தைப் போனில் படம்பிடித்து, 1 ÷ தடிப்பு² ஐ நேரத்துக்கு எதிரே குறியுங்கள். நேர்கோடு வரவேண்டும். கோடு மேலே போகப்போகச் சரிந்து படுத்தால் வட்டு சாய்ந்திருக்கிறது அல்லது தேனில் சீனி கட்டிபட்ட மணிகள் இருக்கின்றன; துணியில் வடித்து, மெல்லச் சூடாக்கி ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். விட்டத்தைப் பாதியாக்கினால் அதே படிக்கல்லுக்கு நேரம் பதினாறில் ஒன்று.

தேனின் பாகுநிலையை அன்றன்றைக்கு அளக்க வேண்டும். காட்டுத் தேனில் தண்ணீர் அளவு போத்தலுக்குப் போத்தல் மாறும். காலை வெயிலுக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில் பாகுநிலை பாதியாகிவிடலாம். 3 மில்லிமீற்றர் சைக்கிள் பெயாரிங் குண்டை 60 மில்லிமீற்றர் அகலப் போத்தலில் விடுங்கள். பாகுநிலை 10 என்றால் செக்கனுக்கு 3 மில்லிமீற்றர் அளவில் இறங்கும். போத்தல் சுவர் அதில் பத்து சதவீதத்தைப் பிடித்துவைக்கும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். குண்டு விடும் பரிசோதனையையும் வட்டுப் பரிசோதனையையும் ஒரே அரை மணித்தியாலத்துக்குள், நிழலில் செய்யுங்கள்.

பிறகு உங்கள் அச்சையே பெருப்பித்துச் செய்யுங்கள். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள அக்ரிலிக் பலகையின் நடுவில் 40 மில்லிமீற்றர் அகலப் பட்டை ஒன்று, இரு பக்கமும் 4 மில்லிமீற்றர் அகலக் கீற்றுகள் 4 மில்லிமீற்றர் இடைவெளியில், எல்லாம் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டியவை. 2 மில்லிமீற்றர் தேன்படையில் வைத்து அமுக்கினால் நடுப்பட்டை முழுப் பலகையையும் தாங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். கீற்றுகளின் இடையில் தேன் ஏறும் வேகமும் நடுப்பட்டை இறங்கும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். அதே கீற்றுகளை 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டி, சுமையைப் பஞ்சு மெத்தைத் துண்டு ஒன்றினூடாகப் பரவலாகக் கொடுங்கள். இந்த முறை ஓரக் கீற்றுகள் முன்னாலேயே அடியைத் தொடும், நடுப்பட்டை தேனில் மிதந்து பின்தங்கும். இரண்டு படத்தையும் உங்கள் பைதன் வரைபின் பக்கத்தில் வையுங்கள். தேன் மட்டம் தெளிவாகத் தெரியக் கீழே வெள்ளைத் தாளை வைத்து நேர் மேலிருந்து படமெடுங்கள். தடித்த இடம் கரும்பழுப்பாகவும் மெல்லிய இடம் வெளிறியும் தெரியும், அதுவே எச்சப்படையின் வரைபடம்.